வேகத்துக்கு ஒரு கடிவாளம்

சில பேருக்குப் பேச்சு வந்தால் கால் நின்றுவிடும். நம்மோடு தெருவில் நடந்துகொண்டே பேசுவார்கள். கதையில் முக்கியமான கட்டம் வந்ததும் நடுத்தெருவில் நின்று, நம்மையும் தோளைத் தொட்டு நிறுத்தி, அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். இப்படிப்பட்டவர் கையில் ஒரு மோட்டார் காரைக் கொடுத்தால் என்ன ஆகும்? பேசும்போது கார் தளரும். எதிராளி பேச ஆரம்பித்தால், கேட்கிற உற்சாகத்தில் கால் அழுந்திக் கார் பாயும்.

1930-களின் நடுவில், அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் இப்படித் தளர்ந்தும் பாய்ந்தும் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு பேடண்ட் வக்கீல். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கட்சிக்காரர். வக்கீலுக்குத் தம் கால் செய்கிற வேலை தெரியவே இல்லை. கட்சிக்காரருக்கோ ஒவ்வோர் அசைவும் வயிற்றைப் பிசைந்தது. வேறு ஒருவராக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே மரங்களையும் வயல்களையும் பார்த்துக்கொண்டு அந்த உபத்திரவத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பார். இவரால் அது முடியாது. இவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

ரால்ஃப் டீட்டர் என்பது அவர் பெயர். இன்று உலகத்தில் ஓடுகிற கோடிக்கணக்கான கார்களில் ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் ‘க்ரூஸ் கண்ட்ரோல்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கிறதே, அதற்கு மூலபுருஷர் இவர்தான். பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம்; மேடானாலும் பள்ளமானாலும் கார் ஒரே வேகத்தில் போகும். ஒரு நாள்கூடக் கார் ஓட்ட வாய்க்காத ஒருவர், ஓட்டுகிறவர்களின் காலுக்கு ஓய்வு கொடுத்தார்.

டீட்டர் 1890-ல் ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில், கத்தியை வைத்து ஒரு டிராயரை நெம்பித் திறக்கப் பார்த்தார். கத்தி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்துவிட்டது. ஒரு கண்ணோடு போயிற்று என்று பெற்றோர் மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழி இல்லை. அடிபட்ட கண்ணுக்கு அனுதாபம் காட்டுவதுபோல் நல்ல கண்ணும் கெட்டுப்போகிற ஒரு வியாதி உண்டு. வைத்திய சாஸ்திரத்தில் அதற்குப் பெயரே ‘அனுதாப’ அழற்சி என்பதுதான். ஓர் ஆண்டுக்குள் மற்றக் கண்ணும் போய்விட்டது.

அந்தக் குடும்பம் இதை எடுத்துக்கொண்ட விதம் அபூர்வமானது. பையனைக் குருடன் என்று யாரும் சொல்லவில்லை; அப்படி நடத்தவும் இல்லை. டீட்டர் குடும்பத்தார் பரம்பரையாக யந்திரம் செய்கிறவர்கள். தண்டவாளத்தைப் பரிசோதிக்கப் போகிறவர்கள் மிதித்துச் செல்லும் ரயில்வே சைக்கிள் அவர்களுடைய தயாரிப்பு. பட்டறைக்குள் விளையாடி வளர்ந்த பையன், பன்னிரண்டு வயதில் சிற்றப்பன் மகனோடு சேர்ந்து ஓடக்கூடிய ஒரு காரையே கட்டிவிட்டான். ரம்பமும் கடைசல் யந்திரமும் இருக்கிற இடத்தில் கண் தெரியாத குழந்தையை விட எத்தனை பெற்றோருக்கு நெஞ்சுரம் இருக்கும்? நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

என்ஜினியரிங் படிக்க அவர் பென்ஸில்வேனியா சர்வகலாசாலைக்குப் போனார். படம் வரைவதும் அளவெடுப்பதுமாக உள்ள படிப்பில் கண் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் தயக்கமாகத்தான் இருக்கும். அங்கே மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த உறவுப் பெண் ஒருத்தி பக்கபலமாக இருந்தாள். 1912-ல் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

முதல் மகாயுத்தம் வந்தபோது, நியூஜெர்ஸியில் காம்டன் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் அவருக்கு வேலை. போர்க்கப்பல்களின் நீராவி டர்பைன்களில் சுழலும் பெரிய உருளைகளைச் சமன்செய்வது ஒரு தலைவலியாக இருந்தது. ஒரு பக்கம் துளி எடை கூடினாலும், வேகமாகச் சுழலும்போது கப்பலே அதிரும். கண்ணுள்ளவர்கள் பார்த்துப் பார்த்துப் பிடிபடாத அந்த அதிர்வை டீட்டர் விரல் நுனியால் தொட்டுக் கண்டுபிடித்தார். யந்திரத்தின் கோளாறைக் கண்டுபிடிப்பது கண்ணின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நல்ல மெக்கானிக்குகளைக் கவனித்துப் பார்த்தால் தெரியும்: அவர்கள் முதலில் காதைக் கொடுப்பார்கள், அப்புறம் கையை வைப்பார்கள், கடைசியில்தான் குனிந்து பார்ப்பார்கள்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய டீட்டர் குடும்பத் தொழிலில் இறங்கினார். பிஸ்டன் ரிங் செய்யும் அந்தக் கம்பெனிக்கு ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ என்று பெயர். 1936-ல் அமெரிக்க மோட்டார் என்ஜினியர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அந்த நாட்களில்தான் மேலே சொன்ன வக்கீலின் கார் சவாரி.

வேகத்தை ஒரே அளவில் வைக்கும் யோசனை டீட்டருக்கு முன்பே இருந்தது. அதன் பூர்வோத்தரம் நீராவி யந்திரத்தோடு தொடங்குகிறது. மாவு மில்களில் இருந்த ஓர் ஏற்பாட்டை ஜேம்ஸ் வாட் 1788-ல் தம் யந்திரத்தில் பொருத்தினார். செங்குத்தான ஒரு தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். தண்டு வேகமாகச் சுற்றினால் குண்டுகள் ராட்டினத்துத் தொட்டில்போல் விரிந்து மேலே எழும்பும்; எழும்பும்போதே நீராவி வரும் வழியை அடைக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி திறக்கும். இதற்குக் கவர்னர் என்று பெயர். நமக்குக் கவர்னர் என்றதும் ராஜ்பவனும் சிவப்புக் கம்பளமும் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கவர்னர் எண்ணெய்ப் பிசுக்குள்ள ஆசாமி. ஆனால் ஒழுங்காக வேலை செய்கிறவர்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. வேகம் குறைந்தது என்று நீராவியைத் திறந்தால் வேகம் அளவுக்கு மேல் போய்விடும். அடைத்தால் அளவுக்குக் கீழே விழுந்துவிடும். இப்படி மேலும் கீழுமாக அலைவதற்கு என்ஜினியர்கள் ‘வேட்டை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சரியான வேகத்தைத் தேடி யந்திரம் வேட்டையாடுகிறதாம். இந்த அலைச்சல் ஏன் வருகிறது, எப்போது அடங்கும் என்பதை மாக்ஸ்வெல் என்ற மேதை 1868-ல் கணக்குப் போட்டு விளக்கினார். இண்டர்மீடியட்டில் நான் படித்த பௌதிகத்தில் மாக்ஸ்வெல் மின்சாரக்காரராகத்தான் வருவார். குண்டுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார் என்பதே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பேடண்ட் வக்கீலின் காலும் வேட்டைதான் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் மகாயுத்தத்துக்கு முன்பே பியர்லெஸ் என்ற அமெரிக்கக் கார் கம்பெனி, மேட்டிலும் இறக்கத்திலும் ஒரே வேகத்தில் போகும் என்று கவர்னர் வைத்த காரை விளம்பரம் செய்திருக்கிறது. ஆனால் அந்த நாளைய சாலைகளில் ஒரே வேகத்தில் போவதற்கு அவசியமே ஏற்படவில்லை. சாலைதான் வேகத்தைத் தீர்மானித்தது.

டீட்டர் பட்டறையில் உட்கார்ந்து சோதனை செய்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய யோசனைக்கு இன்னொரு நியாயமும் சேர்ந்துகொண்டது. 1942-ல் அமெரிக்க அரசாங்கம் தேசம் முழுவதற்கும் மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர், என்று வேக வரம்பு விதித்தது. பெட்ரோலைக் காட்டிலும் டயருக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. ஜப்பானியர் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்துக்கொண்டதால் ரப்பர் வரும் வழி அடைபட்டுப் போயிற்று. வேகமாகப் போனால் டயர் சீக்கிரம் தேயும். மலாயாத் தோட்டங்களில் அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெருந்தொகையினர் நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். அதே ஆண்டுகளில் அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்க் காட்டில் சாகவிட்டார்கள். இண்டியானாவில் ஒரு கார் நிதானமாகப் போனதற்கும், சயாம் காட்டில் பொன்னுசாமியும் மாரியாயியும் பட்ட பாட்டுக்கும் ஒரே சங்கிலி. சரித்திரப் புத்தகங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதுவதில்லை.

டீட்டரின் பேடண்ட் 1950-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி பதிவாயிற்று. அவர் முதலில் செய்தது தானாக ஓட்டும் கருவி அல்ல, எச்சரிக்கிற கருவி. ஓட்டுகிறவர் தமக்கு வேண்டிய வேகத்தை ஒரு திருகில் குறித்துக்கொள்ள வேண்டும். கார் அந்த வேகத்தை எட்டியதும், சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டோடு சேர்ந்து சுழலும் கவர்னர், என்ஜின் காற்றை உறிஞ்சும் வலிமையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டர் பெடலை எதிர்த்து மேலே தள்ளும். ‘போதும்’ என்று காலில் சொல்லும் மாதிரி. அழுத்தி மீற வேண்டுமானால் மீறலாம். கண்ணால் வேகமானியைப் பார்க்க முடியாதவர், கண்ணுக்குச் சொல்லாமல் காலுக்குச் சொல்கிற கருவியைச் செய்தது எவ்வளவு இயல்பான காரியம்! பெடலை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, பிரேக்கைத் தொட்டதும் விட்டுவிடுகிற பூட்டு பிற்பாடு வந்து சேர்ந்தது.

கருவிக்குப் பெயர் வைப்பதில் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை போலிருக்கிறது. கண்ட்ரோல்மாட்டிக், டச்சோமாட்டிக், பிரஸ்ஸோமாட்டிக் என்றெல்லாம் வைத்துப் பார்த்துக் கடைசியில் ஸ்பீடோஸ்டாட் என்று முடித்தார். 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி தன்னுடைய விலை உயர்ந்த இம்பீரியல் முதலிய கார்களில் இதை வைத்தபோது, ‘ஆட்டோ பைலட்’ என்று பெயர் மாற்றிவிட்டது. பெயர்தான் கொஞ்சம் அதிகம். கார் தானே வளைந்து திரும்பும் என்று யாராவது நம்பிவிட்டால்? அப்புறம் காடிலாக் கார்களோடு வந்த ‘க்ரூஸ் கண்ட்ரோல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பதினைந்து ஆண்டு வரைக்கும் அது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான்தான். 1973 அக்டோபரில் அரபு தேசங்கள் எண்ணெயை நிறுத்தின. அடுத்த ஜனவரியில் ஜனாதிபதி நிக்ஸன் தேசம் முழுவதும் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். நேரான, அகலமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 55 மைலோடு நிறுத்திக்கொள்வது மனிதக் காலுக்குச் சாத்தியமில்லாத தவம். அபராதச் சீட்டுக்குப் பயந்தவர்கள் எல்லோரும் டீட்டரின் பொத்தானைத் தேடினார்கள். டீட்டர் 1982-ல் தம்முடைய 91-வது வயதில் காலமானார்; தம் பிள்ளை பெரிய மனிதனானதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதற்கிடையில் இரும்புக் குண்டுகளின் காலம் முடிந்து மின்சாரத்தின் காலம் வந்துவிட்டது. டானியல் விஸ்னர் என்ற என்ஜினியர் 1960-களின் கடைசியில் வேகத்தை மின்னணு முறையில் அளந்து ஆளும் ஏற்பாட்டை வகுத்தார். குண்டுகள் செய்த வேலையை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது. இங்கேதான் நம் கதை பட்டறையிலிருந்து கம்பிகளுக்குள் நுழைகிறது.

இந்தப் பெட்டியின் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். இது மகா சந்தேகப் பிராணி. காரை ஓட்டும் பொறுப்பில் பாதியைக் கையில் எடுத்துக்கொள்வதால், எந்தச் சின்னச் சந்தேகம் வந்தாலும் ‘நான் வரவில்லை’ என்று ஒதுங்கிவிடும்படி அதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று ஒரு கார் வந்தால், கெட்டுப்போனது அநேகமாக அந்தப் பெட்டியாக இராது. அதற்குச் சந்தேகம் உண்டாக்கிய வேறு ஏதோ ஒன்று. மெக்கானிக்கின் வேலை துப்பறிகிறவன் வேலைதான்.

அனுபவசாலி முதலில் காரின் பின்பக்கம் போய், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். வேகத்துக்கும் பின் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பல பழைய கார்களில் பெட்டி அந்த விளக்குகளின் இழை வழியாகத்தான் எர்த்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் அந்தக் கம்பியில் மின்சாரம் வரும். பெட்டி உடனே கையை விட்டுவிடும். இரண்டு பல்பும் எரிந்துபோய்விட்டால் எர்த் கிடையாது. பெட்டி பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிடும். சில ரூபாய் பல்பு இரண்டை மாற்றினால் தீருகிற வியாதிக்கு, பெட்டியையே மாற்றிக் காசு பறிக்கிறவர்களும் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

அடுத்தபடி ஹாரனை அடித்துப் பார்ப்பார். ஸ்டியரிங் சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பது; அதன் மேலுள்ள பொத்தான்களுக்குக் கம்பி எப்படிப் போகும்? சக்கரத்துக்கு உள்ளே, கடிகார வில்போல் சுருட்டிய ஒரு நாடா இருக்கிறது. சக்கரம் திரும்பினால் அது இறுகும், தளரும். ஆண்டுக்கணக்கில் இறுகித் தளர்ந்து ஒரு நாள் அறுந்துபோகும். ஹாரனும் இல்லை, க்ரூஸும் இல்லை என்றால் பெரும்பாலும் அறுந்தது அந்த நாடாதான். பொத்தான்களின் பாஷையும் விசித்திரமானது. ஃபோர்டு கார்கள் பலவற்றில், ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது, ஒரே கம்பிதான். ‘இந்த வேகத்தில் வை’ என்ற பொத்தானை அழுத்தினால் 680 ஓம் தடை. ‘குறை’ என்றால் 120 ஓம். ‘பழைய வேகத்துக்குப் போ’ என்றால் 2200 ஓம். தடையின் அளவைப் பார்த்தே பெட்டி உத்தரவு இன்னதென்று தெரிந்துகொள்ளும். பொத்தானுக்குள் கொஞ்சம் களிம்பு ஏறித் தடை கூடிப்போனால் உத்தரவு உளறலாகிவிடும். மீட்டரை வைத்து அளந்து பார்க்கிறவருக்கு ஐந்து நிமிஷத்தில் அகப்படும். அளக்காமல் ஊகிக்கிறவருக்கு ஒரு வாரமானாலும் அகப்படாது.

பெட்டி சந்தேகப் பிராணியாக இருப்பது போதாது என்று ஜனங்களும் அதைச் சந்தேகித்த ஒரு காலம் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் ஆவ்டி கார்கள் நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாய்கின்றன என்று பெரிய கூக்குரல் எழுந்தது. 1986-ல் தொலைக்காட்சியில் வந்த பிறகு அந்தக் கார்களை வாங்க ஆள் இல்லை. க்ரூஸ் கண்ட்ரோல்தான் குற்றவாளி என்று பலர் சொன்னார்கள். அரசாங்கம் ஆராய்ந்து 1989-ல் அறிக்கை வெளியிட்டது: அந்தக் கருவி அப்படிப் பாயச் செய்ய வேண்டுமானால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள் ஒரே சமயத்தில் நேர வேண்டும், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்று. அப்படி மிதித்துத் தன் குடும்பத்தாரையே மோதியவர்கள் இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

மின்சாரக் கோளாறு என்று பார்த்தால், க்ரூஸ் கண்ட்ரோலின் சரித்திரத்தில் பெரிய அத்தியாயம் ஃபோர்டு கம்பெனியின் ஒரு சின்ன ஸ்விட்ச்.

அது பிறந்ததே பாதுகாப்புக்காக. பிரேக்கை மிதித்தால் விளக்கு ஸ்விட்ச் வழியாகப் பெட்டிக்குச் செய்தி போகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த ஸ்விட்ச் கெட்டுப்போனால்? அதற்காக இரண்டாவது காவலாளி ஒருவனை வைத்தார்கள். பிரேக் எண்ணெயின் அழுத்தத்தையே நேராக உணரும் ஸ்விட்ச் அது. கட்டை விரல் பருமன்தான் இருக்கும். பிரேக்கைப் பலமாக மிதித்தால் எண்ணெய் அழுத்தம் ஏறி, தொடர்பை அறுத்து, க்ரூஸ் கருவியின் பிடியை விடுவித்துவிடும். ஒரு பக்கம் எண்ணெய். மறு பக்கம் மின்சாரம். நடுவில் காப்டான் என்ற பிளாஸ்டிக் ஏட்டினாலான ஒரு சவ்வு. மூன்று ஏடுகள், மேலே டெஃப்லான் பூச்சு. 1992-ம் ஆண்டுக் கார்களிலிருந்து இது பொருத்தப்பட்டது. செய்து கொடுத்தது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி.

சில ஆண்டுகளில் விசித்திரமான புகார்கள் வந்தன. கார்கள் தீப்பற்றிக்கொள்கின்றன. ஓடும்போது மட்டும் அல்ல. சாவியை எடுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்காரர் தூங்கப் போன பிறகு, கொட்டகையில் நின்றபடியே. கார் எரிந்து, கொட்டகை எரிந்து, வீடும் எரிந்த கதைகள். உயிர்ச்சேதம் நேர்ந்ததாக வழக்குகளும் பின்னால் நடந்தன.

எரிந்து கரியாகிப் போன காரிலிருந்து காரணத்தை எடுப்பது லேசான காரியம் அல்ல. சாட்சியே சாம்பலாகிவிட்டது. ஆனால் இரண்டு தடயங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. தீ என்ஜின் அறையில் ஓட்டுகிறவர் பக்கமாக, பிரேக்கின் எண்ணெய்க் குப்பி இருக்கும் இடத்தில் ஆரம்பித்திருந்தது. என்ஜின் சூடு இல்லாதபோதும் ஆரம்பித்திருந்தது. அப்படியானால் கேள்வி இதுதான்: சாவியை எடுத்துவிட்ட காரில், அந்த மூலையில், எதில் மின்சாரம் இருக்கிறது?

விடை அந்த ஸ்விட்ச். பிரேக் விளக்கு சாவி இல்லாமலே எரிய வேண்டும். அதனால் அந்தக் கம்பியில் இரவு பகல் எப்போதும் மின்சாரம் இருக்கும். க்ரூஸின் காவலாளிக்கும் அதே கம்பியிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். க்ரூஸ் கண்ட்ரோல், கார் ஓடும்போது மட்டும் வேண்டியிருக்கிற சாமான். நிற்கிற காரில் அதற்கு மின்சாரம் எதற்கு? வரைபடத்தில் அது ஒரு கோடு. ஒரு கோட்டை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த ஓர் இடம்தான், என் அபிப்பிராயத்தில், மன்னிக்கக் கஷ்டமானது.

மற்றது காலத்தின் வேலை. ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தச் சவ்வு வளைகிறது. லட்சக்கணக்கான தடவை வளைந்த பிறகு நுண்ணிய விரிசல் விடுகிறது. பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உண்டு. அந்த ஈரமுள்ள எண்ணெய் மின்சாரம் இருக்கும் அறைக்குள் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. உலோகம் அரிக்கிறது; அரித்த உப்புகள் எண்ணெயில் கலந்து மின்சாரத்துக்கு ஒரு மட்டமான பாதை போட்டுக் கொடுக்கின்றன. நல்ல பாதையாக இருந்திருந்தால் ஆபத்தில்லை. மின்சாரம் வெள்ளமாகப் பாய்ந்து ப்யூஸ் போயிருக்கும். இதுவோ இரண்டுங்கெட்டான் பாதை. க்ரூஸ் கருவிக்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே தேவை. ஆனால் ப்யூஸ், பிரேக் விளக்குகளுக்குத் தக்கபடி பெரியதாக வைத்தது. ஒரு நாலு ஆம்பியர் கசிந்துகொண்டிருந்தால் அந்த ப்யூஸ் கண்டுகொள்ளவே செய்யாது. 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் என்றால் 48 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரரின் ஈயப்பற்றுக்கோல் அளவு சூடு. அந்தச் சூட்டை ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்து, பக்கத்தில் எரியக்கூடிய எண்ணெயையும் வைத்தால், இரவு எத்தனை மணிக்கு என்பதுதான் பாக்கி. சோதனைக்கூடத்தில் ஸ்விட்சுக்குள் உப்புத் தண்ணீரை விட்டு மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது அது எரிந்தே காட்டியது.

1999-ல் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. லிங்கன் டவுன் கார், கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்விஸ் ஆகிய மூன்று வகைகளில் 1992, 1993-ம் ஆண்டுக் கார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார்கள். ஸ்விட்ச் மட்டும் வேறு வேறு வண்டிகளில் போய்க்கொண்டுதான் இருந்தது. 2005 ஜனவரியில் ஏறக்குறைய 8 லட்சம் வண்டிகள். அதே ஆண்டு செப்டம்பரில் 38 லட்சம். 2006-ல் 12 லட்சம். 2007-ல் 36 லட்சம். 2009 அக்டோபரில் 45 லட்சம். பத்து ஆண்டுகளில் மொத்தம் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு தடவையும் இவ்வளவுதான் என்று கோடு கிழித்தார்கள். ஒவ்வொரு தடவையும் தீ அந்தக் கோட்டுக்கு வெளியே எரிந்தது. ஒரே பொருளைப் பல வண்டிகளில் வைத்தவர்கள், ஒரு வண்டியில் அது செய்த காரியத்தை மற்ற வண்டிகளிலும் செய்யும் என்று எதிர்பார்க்கப் பத்து ஆண்டு தேவைப்பட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. காருக்குக் கார் பிரேக் அமைப்பு வேறு, ஸ்விட்ச் இருக்கும் கோணம் வேறு என்று என்ஜினியர்களிடம் பதில் இருந்தது. கொட்டகை எரிந்தவருக்கு அந்தப் பதில் போதாது.

கடைசியில் செய்த வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒரு சாண் கம்பி. நடுவில் சின்னதாக ஒரு ப்யூஸ். பழைய கம்பியைக் கழற்றி, ஸ்விட்சுக்கும் அதற்கும் இடையில் இதைச் சொருகிவிட வேண்டியது. கசிவு மின்சாரம் ஓடத் தொடங்கியதும் அந்தச் சிறிய ப்யூஸ் எரிந்து போகும். சவ்வு கிழிவதை யாரும் தடுக்கவில்லை. கிழிந்தால் தீப்பிடிக்காதபடி செய்தார்கள்.

2005-ல் இந்தக் கம்பிகள் போதுமான அளவு தயாராகாததால், வந்த வண்டிகளில் ஸ்விட்சின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சாமான் வந்ததும் சொல்லியனுப்புகிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள். க்ரூஸ் வேலை செய்யாது. ஆனால் தீயும் இல்லை. சொல்லியனுப்பிய கடிதம் எல்லோரையும் எட்டவில்லை. பத்துப் பதினைந்து வயதான கார்கள் மூன்றாவது, நாலாவது கைக்குப் போயிருந்தன. கடிதமோ முதல் கைக்காரரின் பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிற்று. 2008-ல் அரசாங்கம் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அப்போதும் லட்சக்கணக்கான வண்டிகள் சரிசெய்யப்படாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படி இணைப்பைப் பிடுங்கிய காரை ஒருவர் செகண்ட் ஹாண்டில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை. மெக்கானிக்கிடம் போகிறார். மெக்கானிக் பின் விளக்கைப் பார்க்கிறார், எரிகிறது. ஹாரனை அடிக்கிறார், கேட்கிறது. ப்யூஸ் நன்றாக இருக்கிறது; பொத்தான்களின் தடைகளும் சரியாக இருக்கின்றன. குனிந்து பிரேக்கின் எண்ணெய்க் குப்பிக்குக் கீழே கையை விட்டுத் தடவுகிறார். ஒரு ஸ்விட்சும், அதன் பக்கத்தில் எதிலும் சேராமல் ஒரு கம்பியும் விரலில் தட்டுப்படுகின்றன. சொருகினால் ‘க்ளிக்’ என்று உட்காரும். க்ரூஸும் உடனே வேலை செய்யும். சொருகுவதற்கு முன் வண்டியின் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஃபோர்டு ஏஜெண்டுக்கு ஒரு டெலிபோன் போட்டுக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்திருக்கிறது, அன்று இரவு அந்தக் கொட்டகை.